வாங்கியவருக்குப் புண்ணியம், வரைந்தவருக்கு என்ன?

இந்தப் புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை என் கைக்கு வந்தது. நான் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் துறையில் மொத்தமாக வாங்கி, ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அட்டையின் முகப்பில் ஒரு நகரப் பேருந்து. பின்பக்கத்தில் இரண்டு வரிகள் அச்சாகியிருந்தன. சிறப்புக் குழந்தை ஒருவர் வரைந்தது என்பது ஒன்று. இதை வாங்கியதன் மூலம் ஒரு குழந்தையின் வாழ்வில் ஒளியேற்றியிருக்கிறீர்கள் என்பது இன்னொன்று.

அந்தப் பேருந்து எங்கள் ஊர்ப் பேருந்து. வழித்தட எண், படிக்கட்டில் நசுங்கிய தகரம், பின் கண்ணாடியில் பாதி கிழிந்த சுவரொட்டி எல்லாம் அப்படியே இருந்தன. வரைந்தது என் தம்பி. அவன் குழந்தை இல்லை, அவனுக்கு இருபத்தேழு வயது. ஆட்டிசம் உள்ளவன். பேசுவது மிகக் குறைவு. பதினொரு வருடமாகப் பேருந்துகளை மட்டுமே வரைகிறான்.

பகல் நேரத்தில் அவன் போய்வரும் பயிற்சி மையத்தைத் தொடர்புகொண்டு கேட்டேன். நிதி திரட்டும் கண்காட்சிக்காக அச்சடித்ததாகவும், வந்த பணம் கட்டட நிதிக்குப் போனதாகவும் சொன்னார்கள். பெயர் ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, யார் பெயரையும் போடுவது வழக்கம் இல்லை என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். அவர் சத்துணவுக் கூடத்தில் சமையலர். "அவங்க இல்லன்னா இவன் வீட்டுலயே கெடந்திருப்பான், நீ போயி சண்ட போடாத" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பேரு போட்டிருக்கலாம்ல" என்றார்.

அம்மா சொன்ன இரண்டும் உண்மை. எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் அந்த மையம்தான் கதவைத் திறந்து வைத்தது. அதே மையம்தான் அவன் படைப்பை அவன் பெயர் இல்லாமல் விற்றது. இது ஒரு மையத்தின் தவறு மட்டும் என்றால் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், இங்கே எழுத வேண்டியதில்லை. வளர்ச்சிசார் குறைபாடு உள்ள கலைஞர்களுக்காக நடத்தப்படும் பெரும்பாலான கண்காட்சிகளின் அடிப்படையே இப்படி இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பிரிட்டனில் நடந்தது

2025 டிசம்பரில் பிரிட்டனின் மிக முக்கியமான சமகாலக் கலை விருதான டர்னர் பரிசு, நேனா காலு என்ற கலைஞருக்குக் கிடைத்தது. 1966இல் கிளாஸ்கோவில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர். பேச்சு மிகக் குறைவு. வீடியோ கேசட் நாடா, ரிப்பன், பிளாஸ்டிக் தாள், துணி ஆகியவற்றை இறுக்கிச் சுற்றிச் சுற்றி அவர் செய்யும் தொங்கும் சிற்பங்களும், சுழல் போன்ற கோடுகளை இணை இணையாக வரையும் ஓவியங்களும் பரிசுக்குரியவையாயின. கற்றல் குறைபாடு உள்ள ஒருவர் இப்பரிசைப் பெறுவது இதுவே முதல்முறை.

இந்தப் பரிசு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 'ஆக்‌ஷன்ஸ்பேஸ்' என்ற அமைப்பு 1999 முதல் அவருடன் இருக்கிறது. கலைஞரான சார்லட் ஹாலின்ஸ்ஹெட் இத்தனை ஆண்டுகளாக அவருடன் வேலை செய்கிறார். வேலை செய்ய ஓர் இடம், வேண்டிய பொருட்கள், கூட இருக்க ஒரு சக கலைஞர், எந்த அவசரமும் இல்லாத கால் நூற்றாண்டு. காலுவுக்குக் கிடைத்தவை இவைதான். பரிசு அறிவிக்கப்பட்டதும் இது இரக்கத்துக்குக் கொடுத்த பரிசா, கலைக்குக் கொடுத்த பரிசா என்று சிலர் கேட்டார்கள். இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. நம்மில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் இடம்பிடித்தால் உடனே எழும் அதே தகுதி வாதம்தான். முன்பு பரிசு பெற்ற எவரிடமும், உன் குடும்பமும் நீ படித்த கல்லூரியும் உன்னோடு பழகிய விமர்சகர்களும் இல்லாமல் வந்திருப்பாயா என்று யாரும் கேட்டதில்லை.

ஜூடித் ஸ்காட்டின் இரண்டு ஆண்டுகள்

இத்தகைய கலைக்கூடங்களுக்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் உள்ள 'கிரியேட்டிவ் குரோத்'. ஃப்ளோரன்ஸ் லூடின்ஸ் காட்ஸ் என்ற ஓவியரும் அவருடைய கணவரும் உளவியலாளருமான எலியாஸ் காட்ஸும் 1974இல் தங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் இதைத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் பெரிய மனநலக் காப்பகங்களிலிருந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்த காலம் அது.

அந்தக் காப்பகங்களின் வரலாறு கொடியது. கலிபோர்னியாவில் 1909இல் வந்த சட்டத்தின் கீழ், அறிவு குன்றியவர்கள், பைத்தியங்கள் என்று முத்திரை குத்தி ஏறத்தாழ 20,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல், வர்ஜீனியாவின் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணின் வழக்கில், இப்படிச் செய்வது சரி என்றே தீர்ப்பளித்தது. உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று மனிதர்களைப் பிரித்து, தாழ்ந்ததாக முடிவு செய்யப்பட்டவர்களுக்குப் பிள்ளை பெறும் உரிமையையும் மறுக்கும் சிந்தனை அது. பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூடித் ஸ்காட் 1943இல் ஒகையோ மாநிலத்தில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். சிறுவயதுக் காய்ச்சலில் காது கேட்காமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. கேட்காத பிள்ளையிடம் வாய்மொழிக் கேள்வி கேட்டு, பதில் வராததால் கல்வி புகட்ட முடியாதவர் என்று எழுதிவைத்தார்கள். ஏழு வயதில் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் கையிலிருந்த வண்ணக் குச்சிகளைக்கூட, இவருக்கு இது எதற்கு என்று பிடுங்கிக்கொண்டதாக அவருடைய இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் பின்னர் கூறியிருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஜாய்ஸ்தான் சட்டப்படி பாதுகாவலராகி அவரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்தார். 1987இல் கிரியேட்டிவ் குரோத்தில் சேர்த்தார்.

சேர்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஜூடித் குறிப்பிடும்படியாக எதையும் செய்யவில்லை. வரைவதிலும் வண்ணம் தீட்டுவதிலும் அவருக்கு ஆர்வம் ஏற்படவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை, வெளியே அனுப்பவும் இல்லை. பிறகு நூலிழைக் கலைஞர் ஒருவர் நடத்திய பட்டறையில் உட்கார்ந்தார். குச்சிகளை எடுத்து நூலால் சுற்றத் தொடங்கினார். அதன்பின் நிறுத்தவே இல்லை. கையில் அகப்பட்ட பொருட்களை நடுவில் வைத்து, நூலும் துணியும் கொண்டு சுற்றிக் கட்டி, 2005இல் இறக்கும்வரை சுமார் 200 சிற்பங்களைச் செய்தார். ஒருமுறை நூல் கிடைக்காதபோது கைதுடைக்கும் காகிதங்களை முறுக்கிக் கட்டி ஒரு சிற்பம் செய்தார். 2014இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தியது. 2017 வெனிஸ் பினாலேயில் அவருடைய சிற்பங்களும், அதே கலைக்கூடத்தின் டான் மில்லர் சொற்களின் மேல் சொற்களை எழுதி உருவாக்கிய ஓவியங்களும் இடம்பெற்றன. 2024இல் கிரியேட்டிவ் குரோத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் கண்காட்சி நடத்தியது. அக்கலைக்கூடத்தினரின் 100க்கும் மேற்பட்ட படைப்புகளை நிரந்தரச் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டது.

எல்லோரும் பேசுவது வெனிஸைப் பற்றி. எனக்கு முக்கியமாகப் படுவது எதுவும் நடக்காத அந்த இரண்டு ஆண்டுகள். எங்கள் ஊர் மையமாக இருந்திருந்தால் மூன்றே மாதத்தில் ஜூடித்தை மெழுகுவர்த்திப் பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். காகிதப் பை, அகல் விளக்கு, வாழ்த்து அட்டை என்று ஏற்கெனவே முடிவு செய்த பொருளுக்குக் கை தேவைப்படுகிறது. அந்தக் கைக்கு உரியவர் எதை விரும்புகிறார் என்பது கணக்கில் வருவதில்லை. தம்பியிடமும் முதலில் பூக்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பேருந்து வரைந்தான். சொன்னபடி செய்யவில்லை என்று வருடக்கணக்கில் அவன் குறிப்பேட்டில் எழுதிவந்தார்கள். பேருந்து விற்கும் என்று தெரிந்த பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

பணம் எங்கே போகிறது

நிதி திரட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கிரியேட்டிவ் குரோத்தும் திரட்டுகிறது. அங்குள்ள கலைஞர்கள் தாங்களே உருவாக்கிய உடைகளை அணிந்து மேடையில் நடக்கும் நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடக்கும் ஒன்று. அதற்கு நுழைவுச்சீட்டு உண்டு, நன்கொடையாளர்கள் உண்டு. ஆனால் படைப்பு விற்றால் விலையில் பாதி படைத்தவருக்குப் போகிறது. மறுபாதி கலைக்கூடத்தின் செலவுக்கு. பொதுவாகக் கலைச் சந்தையில் ஓவியருக்கும் கலைக்கூடத்துக்கும் இடையே உள்ள பங்கீடும் இதுதான். அதாவது, மற்ற கலைஞர்களுக்கு உள்ள கணக்கே இவர்களுக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1969இல் வந்த லான்டர்மன் சட்டம், வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சேவைகளை அரசிடமிருந்து கேட்டுப் பெறும் உரிமையாக்கியது. கலைக்கூடங்கள் நன்கொடையை மட்டும் நம்பி ஐம்பது ஆண்டுகள் நிற்கவில்லை. அடியில் உரிமை இருந்தது, அதன்மேல் நன்கொடை வந்தது. இங்கே அடியில் நன்கொடை இருக்கிறது, மேலே வேறு எதுவும் இல்லை.

அமெரிக்காவைச் சொர்க்கமாகக் காட்டுவதும் என் நோக்கம் அல்ல. அங்கே ஏழைகளான மாற்றுத்திறனாளிகளுக்கு மைய அரசு தரும் மாத உதவித்தொகையைப் பெறத் தனிநபர் ஒருவர் வைத்திருக்கக்கூடிய சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1989 முதல் இந்த வரம்பு உயர்த்தப்படவே இல்லை. நல்ல விலைக்கு ஓவியம் விற்றால் உதவித்தொகையை இழக்கும் அபாயம் உண்டு. தனி அறக்கட்டளை, சிறப்புச் சேமிப்புக் கணக்கு என்று வழி தேடித்தான் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள முடிகிறது. ஏழையாகவே இரு, அப்படியானால் மட்டுமே உதவுவோம் என்பது அந்த அரசின் நிபந்தனை. நம் ஊரில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. தம்பிக்கு மாதம் முழுவதும் தேவைப்படும் தாளும் பேனாவும் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் அதற்குள் அடங்க வேண்டும். அவன் வரைந்த அட்டை எத்தனை ஆயிரம் விற்றது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெயர் இல்லாத படைப்பாளிகள்

இந்தக் கலைக்கு மேற்கில் வைத்த பெயர்களையே பாருங்கள். பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1945இல் 'ஆர் ப்ரூ' என்றார், பக்குவப்படாத கச்சாக் கலை என்று பொருள். ரோஜர் கார்டினல் 1972இல் எழுதிய நூலுக்குப் பிறகு ஆங்கிலத்தில் 'அவுட்சைடர்', அதாவது வெளியாள் கலை என்று ஆனது. யாருக்கு வெளியே? ஊருக்கு வெளியே என்று ஒரு குடியிருப்பைக் காட்டினால், யார் ஊர் என்று நாம் கேட்போமே, அதே கேள்விதான். காப்பகத்தில் அடைத்தது யார், பள்ளியில் சேர்க்காதது யார் என்று சொல்லாமல், வெளியே இருந்தார்கள் என்று மட்டும் சொல்வது அடைத்தவர்களைக் காப்பாற்றுகிறது.

சுயமாகக் கற்றவர் என்ற பாராட்டும் அப்படிப்பட்டதே. சுயமாகக் கற்றார் என்று வியப்பதற்கு முன், ஏன் சுயமாகக் கற்க வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். வகுப்பறையில் தனிச் சாக்கில் உட்காரவைக்கப்பட்டு அண்ணல் அம்பேத்கர் படித்ததை அவருடைய விடாமுயற்சிக்குச் சான்றாக மட்டும் சொல்பவர்கள், சாக்கைப் போட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

கலைஞர் யார், கைவேலை செய்பவர் யார் என்று பிரிப்பது இந்தச் சமூகத்தில் சாதியின் வேலையாகவே இருந்துவந்திருக்கிறது. பறை அடித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது, சபையில் பாடியவரின் பெயர் கல்வெட்டுபோல் நிற்கும். மண்ணால் குதிரை செய்தவரும் தோலால் கருவி செய்தவரும் தொழில் பெயரால் மட்டும் அழைக்கப்பட்டார்கள். பெயரை எடுத்துவிட்டால் கூலி கொடுத்தால் போதும், பங்கு கொடுக்க வேண்டியதில்லை. சிறப்புக் குழந்தை ஒருவர் வரைந்தது என்ற வரி இந்தப் பழைய வழக்கத்தின் புதிய வடிவம். இருபத்தேழு வயது ஆணைக் குழந்தை ஆக்கினால் ஊதியக் கேள்வி எழாது. குழந்தைக்கு யாராவது ஊதியம் கொடுப்பார்களா?

இதில் வாங்குபவருக்கும் ஒரு லாபம் உண்டு. தானம் என்பது கொடுப்பவரின் கணக்கில் புண்ணியமாக ஏறும் விஷயம், பெறுபவரின் கணக்கில் எதுவும் ஏறாது. என் துறையில் அந்த அட்டையை வாங்கிய ஒருவர்கூட அந்தப் படத்தை நின்று பார்க்கவில்லை. நல்ல காரியம் என்றார்கள், மேசை இழுப்பறையில் போட்டார்கள். சுவரொட்டியின் கிழிசல் எவ்வளவு நுட்பமாக வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால், அதுதான் தம்பிக்குச் செய்யும் மரியாதை.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். பேசாதவரிடம், முடிவெடுக்கத் தெரியாதவரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது? கேட்கும் விருப்பம் இருந்தால் வழி தெரியும். தம்பி ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் போடுவான். அட்டைக்காக எடுத்துப்போன தாள் திரும்பி வரவில்லை. நாற்பத்து ஒன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் இடையில் ஒன்று இல்லை என்று கண்டுபிடித்து, நான்கு நாள் வீட்டில் பரணையும் கட்டிலடியையும் அம்மாவின் டிரங்குப் பெட்டியையும் கலைத்துத் தேடினான். சாப்பிடவில்லை. ஏன் இப்படிச் செய்கிறான் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. நடத்தைக் கோளாறு என்று மாத்திரையைக் கூட்டச் சொன்னார்கள். அட்டை கையில் கிடைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவன் தன் பொருளைத் தேடியிருக்கிறான். அவன் தெளிவாகவே மறுப்புச் சொல்லியிருக்கிறான், நாங்கள்தான் அதை நோய் என்று எடுத்துக்கொண்டோம்.

சட்டம் நம்மைவிட முன்னால் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்றவர்களுக்குச் சமமாகச் சொத்து வைத்துக்கொள்ளவும் பண விவகாரங்களைக் கையாளவும் அவர்களுக்கு உள்ள உரிமையை 13ஆம் பிரிவில் உறுதி செய்கிறது. கலைஞர்களாகவும் எழுத்தாளர்களாகவும் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வசதியும் ஆதரவும் நிதியுதவியும் தருவது அரசின் கடமை என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைப்பு தன்னுடையது என்று உரிமை கோருவதை 57ஆம் பிரிவில் படைப்பாளியின் தனி உரிமையாக வைத்திருக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டால்கூட இந்த உரிமை போகாது. இவற்றில் எந்தப் பிரிவும் ஆட்டிசம் உள்ளவர் நீங்கலாக என்று சொல்லவில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை எளிமையானவை. படைப்பின் மேல் படைத்தவரின் பெயர் இருக்க வேண்டும். பெயரை வெளியிடுவதில் குடும்பத்துக்குத் தயக்கம் இருந்தால், அவர் தேர்ந்தெடுக்கும் புனைபெயர் இருக்கட்டும். விற்பனையில் அவர் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட வேண்டும். எந்தப் படைப்பு விற்பனைக்கு, எது இல்லை என்பதை அவருடைய மொழியில், அது சைகையோ முகபாவமோ தாளை இழுத்துக்கொள்வதோ எதுவாயினும், கேட்டறிய வேண்டும். மூலப் படைப்பு அவரிடமே திரும்ப வர வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகள் தங்கள் பட்டறைகளை வாரத்தில் சில நாட்களாவது இவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அங்கே பயிலும் மாணவர்கள் கற்றுக்கொடுக்கப் போகாமல், கூட உட்கார்ந்து வேலை செய்யப் போகட்டும். பெருநகரத்தில் ஆங்கிலம் பேசும், கட்டணம் கட்ட முடிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் இத்தகைய இடங்கள் கிடைக்கின்றன. சேரியிலிருந்து வரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சாதி ஒரு கதவையும் குறைபாடு இன்னொரு கதவையும் மூடுகிறது. படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது.

நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதி ஒழிப்பு மேடைகளிலும் கலை விழாக்களிலும் எத்தனை இடத்தில் வளர்ச்சிசார் குறைபாடு உள்ள ஒருவரின் படைப்பு மாட்டப்பட்டிருக்கிறது? நான் போன இடங்களில் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எதிரியைத் திட்ட, மூளை வளர்ச்சி இல்லாதவர் என்று நம் தோழர்கள் எழுதுவதை வாரம் ஒருமுறையாவது படிக்கிறேன். சாதிப் பெயரை வசவாக்கினால் கொதிக்கிற நாம், என் தம்பியின் நிலையை வசவாக்கும்போது சிரிக்கிறோம்.

பயிற்சி மையத்துக்கு எழுத்துமூலமாகக் கேட்டிருக்கிறேன். அடுத்த முறை பெயர் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பங்கு பற்றி இன்னும் பதில் இல்லை, தொடர்ந்து கேட்பேன். நாற்பத்து இரண்டாம் எண் தாளைத் தேடி எடுத்து அனுப்பினார்கள். தம்பி அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அடுக்கில் அதன் இடத்தில் செருகிவிட்டுப் போனான்.

இப்படிப்பட்ட ஓர் அட்டையோ ஓவியமோ உங்கள் கைக்கும் வரும். வாங்குங்கள். வாங்கும்போது, இதை வரைந்தவர் பெயர் என்ன, இதில் அவருக்கு எவ்வளவு போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.